‘உண்டு’ என்னும் சொல்லை ஆராய்ந்த பேரறிஞர் பிரேகே

நாம் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் ‘உண்டு’, ‘இல்லை’ என்னும் இரண்டும் மிகச் சிறியவை, மிகவும் பழகியவை. வீட்டில் அரிசி உண்டா என்று கேட்கின்றோம். மறுபிறவி உண்டா என்றும் கேட்கின்றோம். அடுக்களையில் எழும் வினாவுக்கும் அறிஞர் அவையில் எழும் வினாவுக்கும் சொல் ஒன்றே. ஆயினும், ஒரு பொருள் உண்டு என்று கூறும்போது அதனைப் பற்றி உண்மையில் என்ன கூறுகின்றோம் என்று நின்று எண்ணியவர் மிகச் சிலரே.

அச்சிலருள் முதன்மையானவர் ஜெர்மானியக் கணிதப் பேராசிரியர் கோட்லோப் பிரேகே. இக்காலத் தருக்க நூலின் தந்தை என்று அறிஞர் உலகம் இன்று போற்றும் இவர், வாழ்ந்த நாளில் பெரும்பாலும் அறியப்படாதவராகவே வாழ்ந்தார். ‘உண்டு’ என்பதை ஆராய்ந்தே கூற வேண்டும் என்பதற்கு வழி வகுத்த அவரே, தம் பெருநூலின் அடித்தளத்தில் ஆராயாத ஓர் ‘உண்டு’ என்பதை வைத்துவிட்டார். அதனால் விளைந்த துன்பமும், அதனை அவர் ஏற்றுக்கொண்ட நேர்மையும் நாம் அறிந்து போற்றத்தக்கவை. அவர்தம் வரலாற்றை இங்கே சுருங்கக் காண்போம்.

இளமையும் கல்வியும்

பிரீட்ரிக் லுட்விக் கோட்லோப் பிரேகே 1848 ஆம் ஆண்டு நவம்பர் 8 ஆம் நாள், வட ஜெர்மனியில் பால்டிக் கடற்கரையிலுள்ள விஸ்மார் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். தந்தையார் கார்ல் அலெக்சாண்டர் பிரேகே அந்நகரில் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றை நடத்தி வந்தவர். 9 முதல் 13 வயது வரையுள்ள சிறுவர் தாய்மொழியைப் பயில்வதற்குப் பாடநூல் ஒன்றும் எழுதியவர். சொற்களையும் தொடர்களையும் பகுத்து நோக்கும் பழக்கம் மகனுக்கு அவ்வீட்டிலேயே வாய்த்தது எனக் கருதலாம்.

1866 இல் தந்தையார் மறைந்தார். தாயார் அவுகுஸ்தே மனந்தளராது பள்ளிப் பொறுப்பைத் தாமே ஏற்று நடத்தினார். பின்னாளில் பிரேகே நிலையான ஊதியமின்றிக் கல்லூரியில் கற்பித்த ஆண்டுகளில் அவரைத் தாங்கியவரும் அத்தாயாரே. ஒரு பெண்மணியின் உறுதி எத்துணைப் பெரிய அறிவுச் செல்வத்தை உலகுக்கு அளிக்கவல்லது என்பதற்கு இது நல்லதொரு சான்றாகும்.

லியோ சாக்சே என்னும் ஆசிரியர் ஊக்கப்படுத்த, பிரேகே 1869 இல் யெனா நகரப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பின்னர் 1871 இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் சென்று, கணிதம், இயற்பியல், மெய்யியல் ஆகியவற்றைப் பயின்று, 1873 இல் வடிவியல் ஆய்வுக்காக முனைவர் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே யெனாவுக்குத் திரும்பிக் கற்பிக்கத் தொடங்கினார். 1918 இல் ஓய்வு பெறும் வரையில் 44 ஆண்டுகள் அவ்வூரே அவருக்கு உலகமாயிற்று.

நுண்பெருக்கிக் கண்ணாடிகளைச் செப்பம் செய்து புகழ்பெற்ற எர்ன்ஸ்ட் ஆபே என்னும் பேராசிரியர் அங்கு அவருக்குப் பெருந்துணையாக விளங்கினார். பிறர் அறியாத பிரேகேயின் மதிப்பை அவர் அறிந்திருந்தார். பதவி உயர்வுக்குப் பரிந்துரை செய்தார். தாம் நிறுவிய கார்ல் சைஸ் அறக்கட்டளையின் வாயிலாக ஆய்வுக்குப் பொருளுதவியும் கிடைக்கச் செய்தார்.

கருத்தெழுத்து

1879 இல் பிரேகே நூறு பக்கங்களுக்கும் குறைவான ஒரு சிறு நூலை வெளியிட்டார். அதன் ஜெர்மானியப் பெயரைத் தமிழில் ‘கருத்தெழுத்து’ எனலாம். கணிதத்துக்குக் குறியீடுகள் இருப்பதுபோல, எண்ணத்தின் அமைப்பையே ஐயத்துக்கு இடமின்றி எழுதிக் காட்டும் குறியீட்டு முறையை அந்நூல் வகுத்தது.

அதற்கு முன் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக மேலைநாடுகளில் அரிஸ்டாட்டில் வகுத்த தருக்கமே வழங்கி வந்தது. அது ஒவ்வொரு கூற்றையும் எழுவாய், பயனிலை எனப் பிரித்தது. இப்பிரிவு போதாது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ‘எல்லா மாணவரும் ஒரு நூலைப் படித்தனர்’ என்னும் தொடரை நோக்குக. ஒவ்வொருவரும் தத்தமக்கென வெவ்வேறு நூலைப் படித்திருக்கலாம். அனைவரும் ஒரே நூலைப் படித்திருக்கலாம். தொடர் ஒன்று, பொருள் இரண்டு. எழுவாயையும் பயனிலையையும் சுட்டிக் காட்டுவதால் இவ்வேறுபாடு விளங்காது.

பிரேகே இதற்குத் தீர்வு கண்டார். கணிதத்தில் மாறி என்று கூறுகின்றோமே, அதனைத் தருக்கத்தில் புகுத்தினார். ‘எந்தப் பொருளை எடுத்துக்கொண்டாலும்’ என்றும், ‘ஒரு பொருளேனும் உண்டு’ என்றும் கூறுவதற்கு வழிகளை அமைத்து, இவற்றுள் எது முன்னும் எது பின்னும் வருகின்றது என்பதால் பொருள் மாறுவதைக் காட்டினார். இன்று உலகெங்கும் கல்லூரிகளில் கற்பிக்கப்படும் குறியீட்டுத் தருக்கத்துக்கு அச்சிறு நூலே தோற்றுவாய். ஆனால் அவருடைய எழுத்துமுறை மேலும் கீழுமாகக் கோடுகள் கிளைத்துச் செல்வதாக இருந்தமையால், படிப்போர் அஞ்சி ஒதுங்கினர். நூலுக்கு வரவேற்பு இல்லை.

இல்லாததைப் பற்றிப் பேசுவது எங்ஙனம்?

‘ஒரு பொருளேனும் உண்டு’ என்னும் குறிப்பிலேதான் நாம் எடுத்துக்கொண்ட சிக்கலும் அடங்கியிருக்கின்றது. நம் நாட்டுத் தருக்க நூலார் பெரிதும் விரும்பி ஆளும் முயற்கொம்பையே எடுத்துக்கொள்வோம்.

‘முயல் வெண்மையானது’ என்று கரும்பலகையில் எழுதினால், வெண்மை என்னும் பண்பு முயலின் மேல் ஏற்றப்படுகின்றது. ‘முயற்கொம்பு இல்லை’ என்று எழுதினால் ‘இல்லை’ என்பது எதன்மேல் ஏற்றப்படுகின்றது? முயற்கொம்பின் மேல் என்றால், ஏற்றுக்கொள்வதற்கு அக்கொம்பு எங்கேனும் இருந்தாக வேண்டும். இருந்தால் நாம் கூறியது பொய்யாகும். இல்லாவிட்டாலோ, எதைப் பற்றியும் நாம் பேசவில்லை என்றாகும். ஆனால் ‘முயற்கொம்பு இல்லை’ என்பது மெய்யான கூற்று, பொருளுள்ள கூற்று, சிறு குழந்தைக்கும் விளங்கும் கூற்று.

மேலைநாட்டு அறிஞரை இச்சிக்கல் கிரேக்கர் காலம் முதல் வருத்தியது. பிரேகேயின் காலத்தவரான அலெக்சியஸ் மைனாங் என்னும் ஆஸ்திரிய நாட்டு அறிஞர், இருப்பு இல்லாதவையும் ஒருவகையில் பொருள்களே, அவற்றுக்கும் பண்புகள் உண்டு என்று கூறிச் சிக்கலைத் தீர்க்க முயன்றார். பிரேகே சென்ற வழி வேறு. அவர் எண்களை ஆராயப் புகுந்து, அங்கே இதற்கு விடையைக் கண்டார்.

எண்ணும் இருப்பும்

1884 இல் வெளிவந்த ‘எண்கணிதத்தின் அடிப்படைகள்’ என்னும் நூலில், எண் என்பது யாது என்னும் வினாவை அவர் எழுப்பினார். எண் பொருளின் பண்பா? நிறத்தைப்போல, எடையைப்போல, பொருளோடு ஒட்டியிருப்பதா?

நம் முன் ஒரு வாழைத்தார் இருப்பதாகக் கொள்வோம். தார் எத்தனை என்றால் 1. சீப்பு எத்தனை என்றால் 10. பழம் எத்தனை என்றால் 150. பொருள் மாறவில்லை, எண் மட்டும் மாறியது. ‘தார்’, ‘சீப்பு’, ‘பழம்’ என எந்தக் கருத்தைக் கொண்டு கேட்டோமோ அக்கருத்துக்கு ஏற்ப எண் அமைந்தது. ஆகவே எண்ணைக் கூறுவது ஒரு கருத்தைப் பற்றிய கூற்றாகும். அக்கருத்தின்கீழ் எத்தனை பொருள்கள் அடங்கும் என்று அது தெரிவிக்கின்றது என்பது பிரேகேயின் முடிவு.

இம்முடிவின் சிறப்பு, சுழியத்தில் நன்கு விளங்கும். வெள்ளிக் கோளுக்குத் துணைக்கோள் கிடையாது. அதன் துணைக்கோள்களின் எண் 0. இந்தச் சுழியம் எந்தத் துணைக்கோளின் பண்பு? அங்கே ஒன்றுமே இல்லையே! ‘வெள்ளியின் துணைக்கோள்’ என்னும் கருத்து மட்டும் நம்மிடம் உளது. அதன்கீழ் அடங்குவது ஒன்றுமில்லை என்பதே அச்சுழியத்தின் செய்தி. நாம் தொடக்கப் பள்ளியில் கற்பித்த நாள்களில், வெறுங்கூடையைக் காட்டிச் சுழியம் எழுதச் சொன்னால், இது எந்தப் பழத்துக்கு என்று குழந்தைகள் கேட்பதுண்டு. நகைப்புக்கு இடமாகத் தோன்றும் அவ்வினா மெய்யாகவே ஆழ்ந்த வினா. அதற்குப் பிரேகேயின் விடை: எந்தப் பழத்துக்கும் அன்று, ‘கூடையிலுள்ள பழம்’ என்னும் கருத்துக்கு.

இங்கிருந்து ‘உண்டு’ என்பதற்கு ஓரடியே உளது. ஒன்று இல்லை என்பது, அக்கருத்துக்குரிய எண் சுழியம் என்பதே. ஒன்று உண்டு என்பது, அவ்வெண் சுழியம் அன்று என்பதே. ‘முயற்கொம்பு இல்லை’ என்னும் தொடர் முயற்கொம்பு என்னும் பொருளைச் சுட்டுவதே இல்லை. ‘முயலின் தலையில் முளைத்த கொம்பு’ என்னும் கருத்தின்கீழ் அடங்குவது ஒன்றுமில்லை என்று அது கூறுகின்றது. கருத்து நம் எல்லோருக்கும் விளங்குவதால் கூற்று பொருளுடையது. அடங்குவது ஒன்றும் இன்மையால் கூற்று மெய்யானது. நெடுநாளைய முடிச்சு அவிழ்ந்தது.

இதனால் இன்னொரு விளைவும் ஏற்பட்டது. பதினொன்றாம் நூற்றாண்டில் ஆன்செல்ம் என்னும் கிறித்தவத் துறவி, எல்லா நிறைவும் உடையவர் இறைவன், இருப்பும் ஒரு நிறைவு, ஆகவே இறைவன் இருந்தாக வேண்டும் என்னும் போக்கில் வாதிட்டார். இருப்பு அத்தகைய பண்பன்று என்று 1781 இல் இம்மானுவேல் கான்ட் மறுத்தார். அம்மறுப்புக்குத் தருக்க முறையில் காரணம் காட்டியவர் பிரேகே. இருப்பு ஒரு கருத்தைப் பற்றிய செய்தியாதலால், அக்கருத்தின் உறுப்புகளுள் ஒன்றாக அதனைச் சேர்த்துக்கொள்ள இயலாது. இதனால் அந்த ஒரு வாதம் வீழ்ந்ததே தவிர, இறைவனைப் பற்றி அவர் எம்முடிவும் கூறவில்லை.

இவ்விடத்தில் தமிழாசிரியர்க்கு ஒன்று நினைவுக்கு வரும். உண்டு, இல்லை, வேறு என்னும் குறிப்புச் சொற்கள் ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொதுவாய் நிற்பன என்று பவணந்தி முனிவர் நன்னூலில் விதி வகுத்துள்ளார். ஏனைய பயனிலைகள் எழுவாயின் திணைக்கும் பாலுக்கும் ஏற்பத் தம் வடிவை மாற்றிக்கொள்ள, இவை எதற்கும் மாறாது நிற்கின்றன. இலக்கண விதி வேறு, தருக்க விதி வேறு என்பது உண்மையே. ஆயினும் இச்சொற்கள் ஏனைய பயனிலைகளின் இனத்தைச் சேர்ந்தவையல்ல என்பதை நம் மொழியின் அமைப்பும் உணர்த்துவது எண்ணி மகிழத்தக்கது.

பியூன்யருடன் நிகழ்த்திய உரையாடல்

அக்காலத்தில் யெனாவில் பெர்ன்ஹார்ட் பியூன்யர் என்னும் சமயவியல் அறிஞர் கற்பித்து வந்தார். இருப்பைப் பற்றி அவருக்கும் பிரேகேவுக்கும் நிகழ்ந்த உரையாடலின் குறிப்பு ஒன்று பிரேகேயின் கைப்படிகளில் காணப்பட்டது. இருப்பதாவது அனுபவத்துக்கு உட்படுவது என்பது பியூன்யரின் கொள்கை.

பிரேகே அதனை ஒவ்வோர் அடியாக வினவிச் செல்கின்றார். தம் ஆசிரியர் லியோ சாக்சேயின் பெயரையே அங்கு எடுத்துக்காட்டாக ஆள்கின்றார். ஒருவரைப் பெயரிட்டு அழைத்த பின், அவர் இருக்கின்றார் என்று கூறுவது புதிதாக எதனையும் தெரிவிக்கவில்லை. பெயரின் ஆட்சியிலேயே அது அடங்கிவிட்டது. இருப்பு ஒவ்வொரு பொருளுக்கும் உரிய பண்பாயின், அப்பண்பு இல்லாத பொருளே இராது. எல்லாவற்றுக்கும் விலக்கின்றிப் பொருந்தும் சொல், ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்துக் காட்டாது. ஆதலின் ‘மனிதர் உளர்’ என்னும் தொடரின் கருத்துச் செறிவு ‘உளர்’ என்னும் பண்பில் இல்லை. மனிதர் என்னும் கருத்தின்கீழ் ஒருவரேனும் அடங்குவர் என்னும் கூற்றமைப்பில் உள்ளது. இதுவே அவர் வாதத்தின் சாரம்.

பெயர்களைப் பற்றிய பகுதியில் பிற்கால அறிஞர் எல்லோரும் அவருடன் உடன்பட்டவர் அல்லர். இருப்பும் ஒரு பண்பே என்று வாதிடுவோர் இன்றும் உளர். எனினும், அவர்களும் பிரேகேவுக்கு விடை கூறிய பின்னரே தம் கொள்கையை நிறுவ வேண்டியவராக இருக்கின்றனர்.

நம் நூல்களும் இவ்வினாவும்

அஸ்தி, நாஸ்தி எனத் தொடங்கும் ஏழு பங்கங்களை அறிந்த நம் அன்பர்கள், இதுதானே நம் ஆசாரியர்கள் கூறியது என்று எண்ணக்கூடும். அவசரப்படாது நோக்க வேண்டும். தோற்றமும் அழிவும் நிலைபேறும் உடையதே சத்து என்று தத்துவார்த்த சூத்திரம் இலக்கணம் வகுக்கின்றது. இது உள்பொருளின் இயல்பைக் கூறுவது. ஸ்யாத்வாதமோ, ஒரு பொருள் தன் திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் ஆகியவற்றால் உண்டு எனவும், பிறவற்றின் திரவியம் முதலியவற்றால் இல்லை எனவும் நோக்குவேறுபாட்டைக் காட்டுவது. பிரேகேயின் வினா இவற்றினின்றும் வேறானது. ‘உண்டு’ என்னும் கூற்று எதனைப் பற்றியது என்பதே அவ்வினா. இரண்டையும் ஒன்றாக்கினால் இருபுலத்தார்க்கும் நீதி செய்தவராக மாட்டோம்.

ஆயினும் ஒரு பயனை நாம் கொள்ளலாம். நீலகேசியின் பூதவாதச் சருக்கத்தில் ஆன்மா உண்டா, இல்லையா என்னும் வாதம் நிகழ்கின்றது. இல்லை என்று மறுப்பவன் ஆன்மா என்னும் சொல்லை ஆள்வதாலேயே அதனை ஒப்புக்கொண்டவன் ஆவான் என்று எவரேனும் எளிதாக வெல்ல முயன்றால், அது முறையன்று. கருத்து இருவர்க்கும் பொது. அதன்கீழ் அடங்குவது உண்டா என்பதே வழக்கு. அவ்வழக்கைச் சான்றுகளாலும் அனுமானத்தாலும் தீர்க்க வேண்டுமேயன்றிச் சொல்லின் வலிமையால் தீர்க்கலாகாது.

1902 ஆம் ஆண்டு வந்த கடிதம்

எண்கணிதம் முழுவதையும் தருக்க விதிகளிலிருந்தே பெறலாம் என நிறுவுவது பிரேகேயின் வாழ்நாள் நோக்கம். 1887 இல் மார்கரேத்தே லீசபெர்க் என்னும் பெண்மணியை மணந்து, யெனாவில் அமைதியாக வாழ்ந்துகொண்டு அப்பணியைச் செய்து வந்தார். ‘எண்கணிதத்தின் அடிப்படை விதிகள்’ என்னும் பெருநூலின் முதல் தொகுதி 1893 இல் வெளிவந்தது. அதனை வாங்குவோர் குறைவு. இரண்டாம் தொகுதியை வெளியிடப் பதிப்பாளர் முன்வரவில்லை. ஆகவே தம் செலவிலேயே அதனை அச்சுக்குக் கொடுத்தார்.

அச்சு வேலை முடியும் தறுவாயில், 1902 ஜூன் 16 ஆம் நாளிட்ட கடிதம் ஒன்று இங்கிலாந்திலிருந்து வந்தது. எழுதியவர் 30 வயதினரான பெர்ட்ரண்ட் ரசல். பிரேகேயின் நூலை மனமாரப் பாராட்டி எழுதிய அவர், ஓரிடத்தில் மட்டும் தமக்கு இடர்ப்பாடு தோன்றுவதாகக் குறித்திருந்தார். அந்த ஓரிடம் நூலின் அடித்தளமாக இருந்தது.

அது யாதென விளக்குவோம். எந்தக் கருத்தை எடுத்துக்கொண்டாலும் அதன்கீழ் அடங்கும் பொருள்களின் கணம் ஒன்று உண்டு என்பதைப் பிரேகே தம் ஐந்தாம் அடிப்படை விதியின் வழியாக ஏற்றுக்கொண்டிருந்தார். ‘பசு’ என்னும் கருத்துக்குப் பசுக்களின் கணம். ‘இரட்டை எண்’ என்னும் கருத்துக்கு இரட்டை எண்களின் கணம். இதில் பிழை எங்ஙனம் வரும் என்றே எவருக்கும் தோன்றும்.

ஒரு நூலகத்தில் பல பட்டியல்கள் உள்ளன எனக் கொள்வோம். பட்டியலும் ஒரு நூலே ஆதலின், சில பட்டியல்கள் தம் பெயரையும் தமக்குள் குறித்திருக்கும், சில குறித்திரா. இப்போது நூலகர், தம்மைக் குறியாத பட்டியல்கள் எல்லாவற்றையும், அவற்றை மட்டும், குறிக்கும் ஒரு புதுப் பட்டியல் எழுதப் புகுகின்றார். அப்புதுப் பட்டியலில் அதன் பெயரையும் எழுத வேண்டுமா? எழுதினால், அது தன்னைக் குறித்த பட்டியலாகிவிடும். ஆகவே அதில் இடம் பெறலாகாது. எழுதாவிட்டால், தன்னைக் குறியாத பட்டியலாகிவிடும். ஆகவே இடம் பெற்றாக வேண்டும். எப்பக்கம் சென்றாலும் முரண். முடிவு என்ன? அத்தகைய பட்டியல் இல்லை, இருக்கவும் இயலாது.

பட்டியலுக்குக் கூறியதைக் கணத்துக்கும் கூறுக. தம்மைத் தமக்குள் கொள்ளாத கணங்கள் எல்லாவற்றின் கணம் என்னும் கருத்து நமக்கு விளங்குகின்றது. ஆனால் அதன்கீழ் அடங்கும் கணம் ஒன்றும் இல்லை. பிரேகேயின் விதியோ அது உண்டு என்றது. கருத்து வேறு, அதன்கீழ் அடங்குவது உண்டு என்பது வேறு என்று வரையறுத்த பெருமகனார், கணங்களைப் பொறுத்தவரையில் மட்டும், கருத்து இருந்தாலே கணமும் உண்டு எனக் கொண்டுவிட்டார்! தம் கோட்பாட்டாலேயே தாம் அளக்கப்பட்டார்.

அவர் செய்தது என்ன? ஆறே நாள்களில், ஜூன் 22 ஆம் நாள், விடை எழுதினார். தமக்கு நேர்ந்த திகைப்பை மறைக்கவில்லை, குறையை மறுக்கவில்லை, காட்டியவர் இளைஞர் என்று இகழவும் இல்லை. இக்கண்டுபிடிப்பு மிக முதன்மையானது என்றும், தருக்கத்தில் பெரிய முன்னேற்றத்துக்கு வழி வகுக்கலாம் என்றும் உணர்த்தினார். 1903 இல் வெளிவந்த இரண்டாம் தொகுதியின் இறுதியில் ஒரு பிற்சேர்க்கை எழுதி, தம் கட்டடத்தின் அடித்தளம் ஆட்டம் கண்டதை உலகறிய வெளியிட்டார். அங்கு ஒரு மாற்று வழியையும் கூறினார். அதுவும் போதாதென்று பிற்காலத்தார் காட்டினர். ரசல் தம் முதுமையில், 1962 இல், இந்நிகழ்ச்சியை நினைவுகூர்ந்து, உண்மைக்காகத் தம்மையே ஒதுக்கிக்கொண்ட பிரேகேயின் செயலுக்கு இணையாகத் தாம் அறிந்தது வேறொன்றும் இல்லை என்னும் கருத்துப்பட எழுதினார்.

இறுதிக் காலம்

1904 இல் துணைவியார் மறைந்தார். ஆல்பிரெட் என்னும் சிறுவனைப் பிரேகே மகனாக ஏற்று வளர்த்தார். வகுப்பில் மாணவர் மிகக் குறைவு. 1910 முதல் சில ஆண்டுகள் அவரிடம் பயின்ற ருடால்ப் கார்னாப் பின்னாளில் பெரும் மெய்யியலாளராக விளங்கினார். ஒரு பாடத்துக்கு வந்தவர் மூவரே என்று அவர் நினைவுகூர்ந்துள்ளார். 1911 இல் லுட்விக் விட்கென்ஸ்டைன் என்னும் இளைஞர் யெனாவுக்கு வந்து அவரைக் கண்டார். கேம்பிரிட்ஜ் சென்று ரசலிடம் பயிலுமாறு பிரேகே அறிவுறுத்தினார். இவ்வாறு, மூவர் அமர்ந்த வகுப்பறையிலிருந்தும் ஓர் இளைஞருடன் நிகழ்ந்த உரையாடலிலிருந்தும் இருபதாம் நூற்றாண்டின் பகுப்பாய்வு மெய்யியல் கிளைத்தது.

ஒன்றை மறையாது கூற வேண்டும். 1924 இல் எழுதிய நாட்குறிப்பில் பிரேகே யூதர்கள்பால் வெறுப்பைப் புலப்படுத்தியுள்ளார். அவர் நூல்களை விளக்கிப் புகழ் பரப்பிய மைக்கேல் டம்மெட் என்னும் ஆங்கில அறிஞர், நிறவெறியை எதிர்த்துப் பாடுபட்டவர். அக்குறிப்பைக் கண்டு தாம் அடைந்த அதிர்ச்சியை அவரே தம் 1973 ஆம் ஆண்டு நூலின் முன்னுரையில் பதிவு செய்துள்ளார். கணிதத்தில் எத்துணை நுட்பமாக ஆராய்ந்தாரோ அத்துணை நுட்பத்தைப் பிரேகே மக்களினத்தாரைப் பற்றிய தம் எண்ணங்களில் செலுத்தவில்லை. எவ்வுயிர்க்கும் ஊறு எண்ணாமையை முதல் விரதமாகக் கொண்ட நாம், அவர்தம் அறிவைப் போற்றும்போதே இக்குறையைக் குறை என்றே கொள்வோம்.

ஓய்வுக்குப் பின் விஸ்மாருக்கு அருகிலுள்ள பாட் கிளைனன் என்னும் ஊரில் வாழ்ந்தார். எண்கணிதத்தைத் தருக்கத்திலிருந்து மட்டும் பெற முயன்றது நிறைவேறாது என்னும் முடிவுக்கு வந்து, தம் 76 ஆம் வயதில் வடிவியலை அடிப்படையாகக் கொண்டு மீண்டும் தொடக்கத்திலிருந்து எழுத முனைந்தார். 1925 ஜூலை 26 ஆம் நாள் மறைந்தார்.

மறைவுக்குப் பின்

வெளியிடப்படாத தம் கைப்படிகளைப் பாதுகாக்குமாறு பிரேகே மகனிடம் ஒப்படைத்திருந்தார். ஆல்பிரெட் அவற்றை 1935 இல் மூன்ஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்த ஹைன்ரிக் ஷோல்ஸ் என்னும் பேராசிரியரிடம் சேர்த்தார். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1945 மார்ச் 25 ஆம் நாள் நிகழ்ந்த குண்டுவீச்சில் மூலப்படிகள் அழிந்தன. ஆனால் அவற்றுள் முதன்மையானவற்றை முன்னரே தட்டச்சில் படியெடுத்து வைத்திருந்தமையால் அவை தப்பின; 1969 இல் நூலாக வெளிவந்தன. நாம் மேலே கண்ட பியூன்யர் உரையாடலும் அங்ஙனம் தப்பியவற்றுள் ஒன்றே. ஏடுகளைப் படியெடுத்து வழங்குவதைச் சாத்திர தானமாகப் போற்றி வந்த நம் சமுதாயத்தார்க்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

வீழ்ந்ததாகக் கருதப்பட்ட அவர் கட்டடமும் முழுதும் வீழவில்லை. குற்றமுடைய விதியை நீக்கிவிட்டு, இரு கருத்துகளின்கீழ் அடங்குவன ஒன்றுக்கொன்று இணையாக அமையுமாயின் அவற்றின் எண்ணும் ஒன்றே என்னும் கொள்கையை மட்டும் வைத்துக்கொண்டே எண்கணிதத்தின் அடிப்படை விதிகளைப் பெறலாம் என்று 1983 இல் கிரிஸ்பின் ரைட் எடுத்துக்காட்டினார். அதற்குரிய வழி பிரேகேயின் 1884 ஆம் ஆண்டு நூலிலேயே இருந்தது.

இவ்வரலாற்றை நம் இல்லங்களில் வளரும் மாணவர்க்குப் பெற்றோர் எடுத்துரைப்பாராக. தவறு சுட்டப்பட்டால் முகம் சிவப்பது இளமையின் இயல்பு. அச்சேறிக்கொண்டிருந்த நூலின் கடைசிப் பக்கங்களில் தம் குறையைத் தாமே எழுதிச் சேர்த்த முதியவர் ஒருவரைப் பற்றி அறிந்தால், அது அவர்களுக்குத் துணை செய்யும். அவர் விட்டுச்சென்ற வினாவும் எளியதே. ஒருவர் ஒன்றை உண்டு என்றால், எந்தக் கருத்தின்கீழ், குறைந்தது ஒன்றேனும் அடங்குவதை எங்ஙனம் அறிந்தீர் என்று பணிவோடு கேட்கலாம். நாம் கூறும் ‘உண்டு’களையும் அவ்வாறே நாமே கேட்டுக்கொள்ளலாம்.